புள்ளலூர் வயலில் குழி தோண்டி மூடிய கதை

பெரிய பேரன் கார் கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் தங்கை நர்ஸ், சொந்தச் சம்பளத்தில் ஸ்கூட்டி வாங்கிவிட்டாள். கடைக்குட்டி சதீஷ்தான் இந்த பேஸ்புக் பக்கத்தை நடத்துகிறான். நடுப்பேத்தி தேன்மொழி பூமிக்கு அடியில் இருப்பதைப் படிக்கிறாள், டாக்டர் பட்டமே வாங்கப்போகிறாள். ஐந்தாவதோடு நின்றவள் நான். தை அறுப்பு முடிந்ததும் அவள் துணைக்குக் கூப்பிட, கிளம்பிவிட்டேன்.

உத்திரமேரூரில் ஏழு மணி பஸ். காஞ்சிபுரத்திலிருந்து புள்ளலூருக்கு ஆட்டோ, முந்நூறு ரூபாய். பக்கத்தில் தேன்மொழி, என் மடியில் மெஷின் பெட்டி.

"இன்னா ஆயா, பாம் கீம் எட்துக்கினு போறியா?" என்றார் ஆட்டோக்காரர்.

"பூமிக்கு நாடி பாக்குற பொட்டி நைனா. நீ ரோட்டப் பாரு."

எங்கேயோ பூகம்பம் வந்தால் அதன் அதிர்வு நம் காலடி வரை வருமாம். குழியில் புதைத்து வைத்தால் பெட்டி அதைப் பதியும். இந்த வட்டாரத்தில் மேலே மணல்கல். வெகு ஆழத்தில், ஒரு காலத்தில் உருகிய பாறை கீழிருந்து ஏறி, வெளியே வர வழியில்லாமல் அங்கேயே இறுகியிருக்கலாமாம். கூழ்ப்பானையில் காந்தல் பிடித்து அடி தடிப்பது போல; ஆனால் இது பானையின் வெளியடியில் ஒட்டிய காந்தல். அந்தக் கனப்பாறையில் அதிர்வு வேகமாக ஓடும். அப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம்.

வயல்கார அம்மா போனில் சரி என்றிருந்தார். முழங்கால் ஆழம் தோண்டியபோது ஓடிவந்தார். "எண்ணெ பாக்கத்தான வந்துகிறீங்க? கெடச்சா நெலத்த புடுங்கிக்குவாங்க. எனக்கு இது ஒண்ணுதான் கீது."

"நான் தேடுறது முப்பது கிலோமீட்டருக்குக் கீழ அக்கா. அத எவனும் தோண்ட முடியாது," என்றாள் தேன்மொழி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா மேல கீற மணல்கல்லுல எண்ணெ தேடி நாளைக்கு வேற யாரும் வரமாட்டாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

நான் அவள் இடுப்பில் கிள்ளினேன்.

"அப்ப வாணாம் கண்ணு," என்றார் அந்த அம்மா. எனக்குக் கோபம் வரவில்லை. என் நிலமென்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மூன்று பேருமாகக் குழியை மூடினோம். மோர் கொடுத்து அனுப்பினார். "எங்கயும் என் வயலக் காட்டிடாதீங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நான் வாக்குக் கொடுத்தேன்.

அரை கிலோமீட்டர் தள்ளி, சர்ச் காம்பவுண்டில் இடம் கிடைத்தது. அவ்வளவு ஆழத்துக்கு இந்தத் தள்ளல் ஒன்றுமில்லையாம். பெட்டியைக் குழப்ப அங்கே பம்புசெட் சத்தமும் இல்லை.

இப்படிப் போகிறவர்களே, போன் பேச்சை நம்பிக் கடப்பாரை தூக்காதீர்கள். நேரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள், சொன்னால் இடம் கிடைக்காமல் போகும் என்கிற விஷயத்தையும் சேர்த்து. குடையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சதீஷு, தோண்டும்போது நாங்கள் அனுப்பி, மத்தியானமே நீ போட்ட படத்தில் அந்த அம்மாவின் வயலும் கிணறும் தெரிகின்றன. உடனே எடுத்துவிடு. சர்ச் மதிலோரம் தேன்மொழி மண் தள்ளுகிற படம் அனுப்பியிருக்கிறேன். அதைப் போடு.