நாற்பத்தேழு மேற்கோள்கள்

டிகாக்‌ஷன் இறங்கும் அந்தப் பத்து நிமிஷத்தில் அச்சுதன் கைபேசியைத் திறப்பார். திறந்ததும் திரையில் எண் வரும் இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வார். பிறகு, சீட்டாடுகிறவர் கடைசிச் சீட்டைப் பிரிப்பதுபோல, விரலை இம்மி இம்மியாக நகர்த்துவார். முதலில் ஒரு 4 தெரியும். அப்புறம் 7.

"ஏன்னா, ஷேர் ஏறித்தா?" என்பாள் ஆனந்தவல்லி, நிக்டிக்குப் போகிற ஆபீஸ் பஸ்ஸுக்குக் கிளம்பியபடி.

"அப்படியேதான் இருக்கு."

புனேயில் ஒரு கல்லூரியில் இருபத்தாறு வருஷமாக இயற்கணிதம் சொல்லிக்கொடுக்கிறார். எழுதியவை பத்தொன்பது ஆய்வுக் கட்டுரைகள். மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் அவற்றைச் சுட்டியது மொத்தம் நாற்பத்தேழு தடவை. இயற்கணிதத்துக்கு அது குறைவில்லை. மருத்துவ ஆய்வாளர்கள் ஒரு வருஷத்தில் வாங்குவதை இவர்கள் ஆயுசில் வாங்குவார்கள். ஆனால் கல்லூரிக்கு எல்லாம் ஒரே தராசுதான். பேராசிரியர் பதவிக்கு ஐம்பது வேண்டும், அதுவும் மார்ச் நேர்காணலுக்குள். அடுத்த நேர்காணல் வருவதற்குள் அவர் ஓய்வு பெற்றிருப்பார்.

அந்த மூன்றைத் தருவதாகச் சொன்னவன் அனந்தராமன். இருவரும் ஒரே அறையில் ஆய்வு மாணவர்களாக இருந்தவர்கள். "அச்சுதன் ஒரு பக்கத்துல முடிக்கறதை நீ பத்துப் பக்கம் இழுக்கறே" என்று வழிகாட்டி அனந்தராமனைச் சீண்டுவார். அவனும் சேர்ந்து சிரிப்பான். இப்போது பெங்களூரில் பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறான்.

போன வருஷம் பொங்கலன்று அவன் போன் செய்தான். "டேய், நம்ம துறையைப் பத்தி பெரிய தொகுப்புக் கட்டுரை ஒண்ணு எழுதியிருக்கேன். உன் பேப்பர் மூணு உள்ள இருக்கு."

"மூணா! அப்போ எனக்கு ஐம்பது ஆயிடுத்துடா. பேராசிரியர் ஆயிடுவேன்!"

"பேராசிரியரா, நீயா?" என்று திரும்பக் கேட்டான் அவன். "பேஷ்" என்றான் பிறகு.

அவன் சொன்னால் போதும். அச்சுதன் கட்டுரையைத் தேடிக்கூடப் பார்க்கவில்லை. நடுவில் பக்கத்து அறை கோவிந்தராஜ் ஒரு யோசனை சொன்னார்: "நாலு பேரு ஒருத்தர் பேப்பரை ஒருத்தர் மாத்தி மாத்தி மேற்கோள் காட்டிக்கலாம் சார். எல்லாக் காலேஜ்லயும் நடக்கறதுதான், சல்தா ஹை. நீங்க ஒருத்தர்தான் இன்னும் சத்தியசந்தன்."

"வேண்டாம். எனக்கு நியாயமாவே வருது."

இந்தப் பிப்ரவரியில் அனந்தராமனின் கட்டுரையோடு ஆய்விதழ் வந்தது. அச்சுதன் முதலில் கடைசிப் பக்கத்துக்குத்தான் போனார். மேற்கோள் பட்டியலில் அறுபத்திரண்டு கட்டுரைகள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தார். அவர் பெயர் இல்லை. உள்ளே பதினான்காம் பக்கத்தில் அவருடைய துணைத்தேற்றம் முழுசாக இருந்தது. அதற்கு முன்னால் ஒரு வரி: 'நன்கு அறியப்பட்டபடி.' கணிதத்தில் அப்படி எழுதிவிட்டால் யார் பெயரும் சொல்ல வேண்டியதில்லை.

உடனே கூப்பிட்டார்.

"எடிட்டர் குறைக்கச் சொன்னார்டா, நான் என்ன பண்றது?" என்றான் அனந்தராமன். "அதுவும் அது சின்ன லெம்மா. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"யார் சொல்லித் தெரியும்?"

"இப்படிக் கோச்சுண்டா எப்படி? குழந்தை மாதிரி."

குழந்தை என்ற அந்தச் சொல் அவரை வெட்கப்படவைத்தது. எடிட்டர் சொன்னால் அவன்தான் என்ன செய்வான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மன்னிப்பும் கேட்டு போனை வைத்தார்.

நேர்காணல் நாலே நிமிஷம். தலைவர் தாளைப் புரட்டி, "நாற்பத்தேழுதானே, சார்?" என்று மராத்தியில் மென்மையாகக் கேட்டார். அந்த மென்மைதான் தாங்கவில்லை. வீட்டில் ஆனந்தவல்லி இரண்டாவது டம்ளர் காபியை வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் மாதம் வேறு எதையோ தேடும்போதுதான் அது கண்ணில் பட்டது. கணிதக்காரர்கள் இதழுக்கு அனுப்புமுன் கட்டுரையைப் பொதுவில் போட்டுவைக்கும் இணையக் கிடங்கு ஒன்று உண்டு; அங்கே திருத்தினாலும் பழைய வடிவம் அழியாது. போன வருஷம் ஜனவரி ஒன்பதாம் தேதி அனந்தராமன் ஏற்றிய முதல் வடிவத்தில் அறுபத்தைந்து மேற்கோள்கள். அதில் அச்சுதனுடையவை மூன்றும் இருந்தன. இரண்டாம் வடிவத்தில் அந்த மூன்று மட்டும் இல்லை. வேறு ஓர் எழுத்தும் மாறவில்லை. அதை ஏற்றிய தேதி, பொங்கலுக்கு மறுநாள். இதழில் அச்சாகியிருந்த தேதிப்படி, கட்டுரை இதழாசிரியரின் கைக்குப் போனது அதற்கு மூன்று வாரம் கழித்து.