அடியோடு வெட்டச் சொன்ன முருங்கை

உஷாந்தி கோப்பியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் கட்டடத்தில் ஒருவரும் பக்கத்தில் நிற்க மாட்டோம். கணக்காளர் வேலையை உதறிவிட்டு, மாத்தளைப் பக்கம் மலைச்சரிவில் காணி வாங்கிக் கோப்பி நட்டவள். நிழல் மரத்துக்குக் கீழே பழம் ஆறுதலாகப் பழுக்கும், கொட்டை இறுகும், வறுத்தால் வாசம் நிற்கும் என்பாள். நிழல் கூடினால் காய்ப்புக் குறையும் என்பதையும் சொல்லி முடித்துத்தான் ஆளை விடுவாள். இவ்வளவும் தெரிந்தவளுக்கு அந்த மரத்தின் பெயர் தெரியாது. நிழல் மரம் என்றே சொல்லிப் பழகிவிட்டாள்.

பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கொழுந்தன் கஜீவனின் கலியாணத்துக்குக் கன்னிக்கால் ஊன்றும் நாள். காலையிலேயே தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அழகுமுத்து போன் எடுத்தார்.

"முருங்க ரொம்ப வளந்திருச்சும்மா. வெட்டிறவா?"

வேலியோரம் நிற்கும் முருங்கைக்காய் மரங்கள்தான் அவள் நினைவுக்கு வந்தன. "ஓம், வெட்டுங்கோ."

"அடியோடயாம்மா?"

"ஓம் ஓம், அடியோட."

பிறகு ஐயர் வந்தார். கன்னிக்காலாக ஊன்ற முள்முருங்கைத் தடியைக் கேட்டார். மாமி அன்னபாக்கியம் கொண்டுவந்து நீட்டிய தடியில் மூன்று மூன்றாய் இலை. உஷாந்தி அதைப் பார்த்தாள். அவளுடைய கோப்பிக்கு மேல் நிற்பதும் அதே மரம். அதைத்தான் முருங்க என்று சொல்லி, அழகுமுத்து கிளை கழிப்பதைக் கேட்டிருக்கிறார். இவள் மரத்தையே சாய்க்கச் சொல்லியிருக்கிறாள்.

நல்ல காரியத்தின் நடுவில் எழும்பிப் பல்கனிக்கு ஓடினாள். அழகுமுத்துவுக்குப் போன் அடித்தாள், அவர் எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. தோட்டத்துக்குக் கிட்ட இருக்கும் கடைக்காரரை அழைத்து, வெட்டுவதை நிறுத்தச் சொல்லி யாரையாவது ஓடச் சொல்லுங்கள் என்று சிங்களத்தில் கெஞ்சினாள். இந்த வெயில் நேரே விழுந்தால் இளம் செடிகளின் இலை கருகிவிடும். முதற்காய்ப்பு இந்த வருசம்தான்.

"என்ன பிள்ளை, ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார்" என்று மாமி பல்கனிக்கு வந்தார்.

"மாமி, நான் மரத்தை வெட்டச் சொல்லிப்போட்டன்."

மாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் உள்ளே போகாமல் பக்கத்திலேயே நின்றார்.

கடைசியில் அழகுமுத்துவின் போன் வந்தது.

"மேல் வரிச போயிருச்சும்மா. கடக்காரரு வந்து சொன்னதால கீழ் வரிச நிக்குது."

"மேல நிக்கிற கோப்பி தாங்குமோ?"

"தென்னோல கட்டி மறைக்கிறேன். மழ பேஞ்சா தாங்கும். இங்க ஒரு பொட்டு மேகம் இல்லம்மா."

பின்னேரம் வெள்ளவத்தையில் இடி இடித்து மழை கொட்டியது. காலிக்குப் போகும் பெருவீதியில் வெள்ளம் ஓடியது. கலியாண வீட்டுக்கு நல்ல சகுனம் என்று எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். உஷாந்தி பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தாரிலும் கடலிலும் வீணாக விழும் மழையைப் பார்த்து விம்மி அழுதாள்.