லேட்டாக வருகிறவர்கள் கவனத்துக்கு

ஊருக்கு வந்த மறுநாள் தம்பி செந்திலிடம், "டிக்கெட்ல எந்த வரிசைனு போடலியே, என் சீட்டு நம்பர் என்னடா?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான். "நீ வாக்கா, துண்டு போட்டு இடம் புடிச்சி வெக்கிறேன்." அவன் மகள் யாழினி முதன்முதலாக மேடையேறுகிறாள். முன்வரிசையில் நான் உட்கார்ந்தால்தான் ஆடுவேன் என்று ஃபோனிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள். அதற்காகத்தான் கடல்கடந்து லீட்ஸிலிருந்து லீவு போட்டு வந்தேன்.

லீட்ஸில் டிக்கெட் எடுக்கத் தனியாக ஒரு பாஷையே கற்க வேண்டும், நம்புங்கள். 'ஸ்டால்ஸ்' என்றால் பஜ்ஜிக்கடை அல்ல, மேடைக்கு எதிரே தரைத்தளம். 'சர்க்கிள்' மாடி. 'ரெஸ்ட்ரிக்டெட் வியூ' கம்மி விலையில் கிடைக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், எதிரே தூண் நிற்கும். கொடுமையிலும் கொடுமை, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் 'லேட்கமர்ஸ்' வரி. அதைப் படிக்காமல், கூட வேலை பார்க்கும் தோழி பாடிய கச்சேரிக்குக் கொஞ்சம் பிந்திப் போனேன். வாசலில் இருந்தவர், "யூ ஆர் வெல்கம் டு வெயிட்" என்று அத்தனை அன்பாகச் சொன்னார். இதோ திறக்கப்போகிறார் என்று நானும் தேங்க்யூ சொன்னேன். மகராசன் இடைவேளைக்குத்தான் திறந்தார். தோழி அதற்குள் பாடி முடித்திருந்தாள். அன்றிலிருந்து கதவு சாத்தினால் சாத்தினதுதான் என்று மனதில் பதிந்துவிட்டது.

யாழினி ஆடிய அன்று பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். செங்கம் ரோட்டில் ஆட்டோ நகரவே இல்லை. இறங்கி ஓடிப்போய்ச் சேர்ந்தால் அரங்கத்தின் கதவு சாத்தியிருந்தது. போச்சுடா என்று வெளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்த ஒருத்தி கதவைத் தள்ளி உள்ளே போனாள். சே, நம்ம ஜனங்களுக்கு ஒழுங்கே வராது என்று மனதுக்குள் திட்டினேன். உள்ளே சலங்கை கேட்டது. பிறகு கைதட்டல்.

இடைவேளையில் செந்தில் பதறி வந்தான். "இங்கயா உக்காந்திருக்க? உன் எடம் காலியாவே கெடந்துச்சே!"

"கதவு சாத்தியிருந்துச்சுடா."

"ஏசி போட்டிருக்காங்கக்கா, அதான். தள்ளினா தொறக்கப் போவுது."

இத்தனை தூரம் பறந்து வந்து, கடைசிக் கதவைத் தள்ளத் தெரியாமல் போயிற்றே!

யாழினி சலங்கையோடு வந்து நின்றாள். கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆடறப்ப உன்னதான் தேடுனேன் அத்த. இன்னும் ஒரு டான்ஸ் இருக்கு. உள்ள வா. நம்ம ஊருதான, யாரு கேக்கப் போறாங்க?"

சொல்லிவிட்டு ஓடினாள். அவள் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நான் அதில் கை வைத்தேன். வைத்த கையோடு, உள்ளே போகலாம் என்று யாராவது சொல்வார்களா என்று பக்கத்தில் பார்த்தேன்.