பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா பேசிய விண்வெளி

தேயிலை லோரி ஓட்டிய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அப்பாவுக்குக் கைப்பேசியே கதி. அதிலும் விண்வெளி வீடியோக்கள் மட்டும்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் பிடித்து உட்கார வைத்து, வெள்ளிக் கிரகத்தில் ஒரு வருடத்தைவிட ஒரு நாள் நீளம் என்பார். செவ்வாயில் சூரியன் மறையும்போது அதைச் சுற்றி வானம் நீலமாகிவிடும் என்பார். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் ஆள் இப்போதெல்லாம் தோம்பை வாசலிலேயே இறக்கிவிட்டு ஓடிவிடுகிறார்.

அதனால், ஈப்போவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மா அவரிடம்தான் முதலில் கெஞ்சினாள். "இன்னைக்கு ஒரு நாளு கிரகத்தப் பத்திப் பேசாம இருங்க லா." அப்பா தலையாட்டினார்.

மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. சித்தி நம்பர் வாங்கிக் கொடுத்து, சில வாரங்களாகப் பேசிக்கொண்டிருந்தோம். முப்பத்து நான்கு வயதில் எனக்கும் ஒருவரைப் பிடித்துப்போனதே அதிசயம். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

மாப்பிள்ளையின் அப்பா தேநீரைக் குடித்துவிட்டு, "மலைத் தண்ணி, அதான் இந்த ருசி" என்றார். கூரையையும் சுவரையும் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி கேட்டார்.

"இது எஸ்டேட் வீடுதானே? நீங்க வேலைய விட்டுட்டீங்க. பொண்ணு கியா பார்ம் சந்தையில ஒரு கடையில நிக்குது. வீட்டத் திருப்பிக் கேட்டா எங்க போவீங்க?"

கேட்டா என்ன, கேட்டே விட்டார்கள். வருடக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி எஸ்டேட் ஆபீசிலிருந்து கணக்கெழுதும் கிராணி வந்து போயிருந்தார். போக இடமில்லை. அப்பா தொண்டையைச் செருமினார்.

"தண்ணின்னு சொன்னீங்கல்ல," என்று அவர் மாப்பிள்ளையின் அப்பா பக்கம் திரும்பினார். "மேல ஸ்பேஸ் ஸ்டேஷன்ல இருக்கறவங்க அவங்க மூத்திரத்தையே சுத்தம் பண்ணித்தான் குடிக்கிறாங்க, தெரியுமா? நம்ம பைப் தண்ணியவிட சுத்தமாம்."

அந்த அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு வீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அப்பா தப்பித்துவிட்டார். நான் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த வாரம் சித்தி போன் செய்தாள். "மூத்திரக் கதைய அவங்க சிரிச்சுட்டு விட்டுட்டாங்கடி. வீடு வாசல் இல்லாத எடத்துல சம்பந்தம் வச்சா நாளைக்கு எல்லாரும் மூட்டையக் கட்டிக்கிட்டு அவங்க வீட்டுக்குத்தான் வருவீங்கன்னு பயப்படறாங்க." மாப்பிள்ளையும் அதற்குச் சரி என்றாராம். என்னிடம் சொல்லக்கூட அவருக்கு வாயில்லை. எனக்கு அவர் மீது வந்த கோபம் இன்னும் போகவில்லை.

போனை வைத்ததும் அப்பா என் முகத்தையே பார்த்தார். நான் சொல்வதற்கு முன்பே அவர் பேசிவிட்டார். "நாந்தான் வாய வச்சுக்கிட்டு சும்மா இல்லாம கெடுத்துட்டேன், இல்லம்மா?"

இந்த மலையில் ஆயுசு முழுக்க லோரி ஓட்டியும், மகளைக் கட்டிக்கொடுக்க ஒரு சொந்தச் சுவர் இல்லை. அதுதான் காரணம் என்று தெரிந்தால் அவர் தாங்கமாட்டார்.

"ஆமாப்பா," என்றேன். "உங்க வாயாலதான்."