செருப்பு கழன்றது தெரியாத காலை

எங்கள் ஊர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறேன். மார்பில் புற்று வந்து, ஆபரேஷன் முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தபோது நடு முதுகில் வலி ஆரம்பித்தது. நாள் முழுக்கக் குனிந்து தைக்கிறவளுக்கு முதுகு வலிக்காதா என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்த வலி படுத்தால் கூடியது. தும்மினால் நெஞ்சைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கியது.

ஒரு காலை வேலைக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க செருப்பு அங்கயே கெடக்குதுங்க."

வலது செருப்பு பத்தடி தள்ளிக் கிடந்தது. கழன்றதே எனக்குத் தெரியவில்லை. பாதத்தைக் கிள்ளிப் பார்த்தேன். வேறு யாரையோ கிள்ளியதுபோல் இருந்தது. நேராகக் கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டர் வலி ஊசி எழுதினார். "ஒரு வாரம் ரெஸ்ட் எடுங்கம்மா."

"எனக்குக் கேன்சர் இருந்துச்சுங்க. இப்பக் காலு மரத்துப்போச்சு. ஊசி வேண்டாங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் குடுங்க."

"நாளைக்குப் பாக்கலாமே."

"லெட்டர் குடுக்காம எந்திரிக்க மாட்டனுங்க."

கொடுத்தார். எழுந்தபோது முழங்கால் மடங்கியது. போன் செய்ததும் ஓடிவந்த கணவர், "மொதல்ல ஊட்டுக்குப் போலாம், சாப்புட்டு..." என்று இழுத்தார்.

"ஊட்டுக்குப் போனா அப்பறம் என்னையத் தூக்கிட்டுத்தானுங்க போவோணும். வண்டியப் புடிங்க."

கோவையில் அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். புற்று முதுகெலும்புக்குப் பரவி, தண்டுவடத்தை நெரித்துக்கொண்டிருந்தது. உடனே மருந்து ஏற்றினார்கள், மறுநாள் கதிர்வீச்சு.

"நோய் போயிராதுங்கம்மா," என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. "காலக் காப்பாத்தத்தான் பாக்கறோம். நடக்கறப்பவே வந்துட்டீங்க, அதுதான் நல்லதாப் போச்சு."

அன்றிரவு போர்வைக்குள் அழுதேன். காலையில் கட்டை விரலை ஆட்டிப் பார்த்தேன். ஆடியது.

நான்கு மாதம் கழித்து ஊன்றுகோலோடு கம்பெனிக்குப் போனேன். சூப்பர்வைசர் சங்கடப்பட்டார். "மடிக்கிற வேலை பாருங்கக்கா, உக்காந்துட்டே செய்யலாம்."

"தைக்கறதும் உக்காந்துட்டுத்தானுங்க."

வலது காலால் பெடலை எவ்வளவு அழுத்துகிறேன் என்பது தெரியவில்லை. மெஷின் சீறிக்கொண்டு ஓடி, துணி கோணியது. இடது காலுக்கு மாற்றினேன். முதல் வாரம் தைத்ததைவிடப் பிரித்ததே அதிகம். அடுத்த மாதம் பழைய வேகத்தில் பாதி வந்தது.

அதற்கு மேல் வரவில்லை. நோயும் உள்ளேதான் இருக்கிறது, தெரியும். லைனில் மூன்றாவது மெஷின் என்னுடையது. வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.