கூட வந்தவர் கையெழுத்து

ஆம்பூரில் அந்தத் தெருவில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால், டாக்டரைத் தேடுவதற்கு முன்னால் ஜெபகனியைத் தேடுவார்கள். "அக்கா, நாளைக்கு வேலூர் போகணும், கூட வர்றீங்களா?" அவ்வளவு கேட்டால் போதும். யாருக்கு, என்ன, எவ்வளவு நேரமாகும் என்றெல்லாம் துருவ மாட்டாள். ஒயர் கூடையில் தண்ணி பாட்டில், ஒரு துண்டு, சீட்டு வைக்க பிளாஸ்டிக் கவர் எல்லாம் எப்போதும் தயாராக ஆணியில் தொங்கும். விடிந்தால் முதல் பஸ்ஸில் இருப்பாள்.

இந்தப் பேர் அவளுக்குச் சும்மா வந்ததில்லை. தோல் பதனிடுகிற டேனரியில் வேலை பார்த்த அவள் புருஷன் ரத்தினசாமி, தொண்ணூற்றொன்றில் நுரையீரல் கெட்டு நாலு மாசம் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தான். நாலு மாசமும் தனி ஆளாக நின்று பார்த்தவள் இவள். எந்தக் கவுண்ட்டரில் சீட்டு போடுவார்கள், எந்த மாடியில் ரத்தம் எடுப்பார்கள், எந்த நர்ஸிடம் கெஞ்சலாம், யாரிடம் வாயே திறக்கக் கூடாது, எல்லாம் அத்துப்படி. புருஷன் போய்ச் சேர்ந்தான். ஆஸ்பத்திரி வழி மட்டும் அவளோடு தங்கிவிட்டது. பிள்ளை குட்டி கிடையாது. ஷூ கம்பெனியில் தோல் ஓரத்தை மடித்துப் பசை ஒட்டுகிற வேலை. லீவு கேட்டுப் போனால் சூப்பர்வைசர் முக்தார் அகமது பாய் தலையைத் தூக்காமலே, "இந்த வாட்டி யாருக்கும்மா?" என்பார்.

அப்புறம் வேலூரில் அந்த ஒருநாள் ஆபரேஷன் சென்டர் வந்தது. காலையில் போனால் அறுத்துத் தைத்து, ஒரு டம்ளர் டீயும் ரெண்டு பிஸ்கட்டும் கொடுத்து, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். படுக்கை கிடையாது, ராத்தங்கல் கிடையாது. ஜனங்களுக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை. "இன்னாது, காலைல அறுத்து சாயங்காலம் அனுப்புறானா? ஆடா மாடா?" என்று திட்டினார்கள். ஜெபகனிதான் ஒவ்வொருவராய்க் கூட்டிக்கொண்டு போய் பயத்தைப் போக்கினாள். ரெண்டு வருஷத்தில் ஒன்பது பேரைக் கொண்டுபோயிருப்பாள். குடலிறக்கம், மூலம், கண்புரை, காலில் கட்டி என்று சகலமும்.

அந்த சென்டரில் ரெண்டு சட்டம். ஒன்று, வெறும் வயிற்றோடு வர வேண்டும். இன்னொன்று, ஒவ்வொருத்தருக்கும் தனியாக ஒரு ஆள் கூட வர வேண்டும். அந்த ஆள் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும், சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், கூட்டிக்கொண்டு போய் விடியும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். ஆள் இல்லையா, ஆபரேஷன் இல்லை. மயக்க மருந்து ஏறினவர்களைத் தனியாக பஸ் ஏற்றி அனுப்ப முடியுமா? இதை ஜெபகனியே எத்தனை பேருக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள்! திமிரியிலிருந்து தனியாக வந்து நின்ற ஒரு கிழவரை, "இன்னா பெரியவரே, துணைக்கு ஆள் இல்லாம வந்தா எப்படி? சிஸ்டர் இன்னா பண்ணுவாங்க பாவம்" என்று ஒருமுறை அவளே அதட்டி அனுப்பினாள்.

தொண்ணூற்றொன்பது மே மாசம், குளிக்கும்போது இடது மார்பில் கையில் ஒன்று தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. இத்தனை பேரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனவளுக்கு அது தெரியாதா? மறுவாரமே சென்டருக்குப் போய்க் காட்டினாள். டாக்டரம்மா அமுக்கிப் பார்த்து, "எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிடலாம். ஒருநாள் வேலைதான். ஆனா தள்ளிப் போடாதீங்க," என்று தேதி எழுதிக் கொடுத்தார். ஜெபகனி அட்டையை வாங்கிக் கூடையில் வைத்தாள். பயந்தாள்தான். ஆனால் சீக்கிரம் வந்துவிட்டோம் என்று ஒரு தைரியமும் இருந்தது.

முதல் தேதிக்குத் தனியாகப் போனாள். அங்கே அவளைத் தெரியாதவர்கள் யார்? வாட்ச்மேன் முதற்கொண்டு வணக்கம் சொல்வான். நர்ஸ் பிரிசில்லா அவளைக் கண்டதும் சிரித்தாள். "வாங்கக்கா. இன்னைக்கு யாரைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"என்னையேதான்."

பிரிசில்லா அட்டையைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "கூட யாரு?"

"யாரு இருக்காங்க எனக்கு? நானே போய்க்குவேன் சிஸ்டர். எனக்குத் தெரியாத பஸ்ஸா?"

"அக்கா, உங்களுக்கே தெரியும்ல. மயக்கத்துல வழியில விழுந்தீங்கன்னா? டாக்டர் ஒத்துக்க மாட்டாங்கக்கா."

தெரியும். நல்லாத் தெரியும். திமிரிக் கிழவரின் முகம் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அடுத்த தேதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். பள்ளிகொண்டா தாண்டும்வரை பசிகூடத் தெரியவில்லை.

ரெண்டாவது தேதிக்குத் திருப்பத்தூரில் இருக்கிற தம்பி ஜோசுவாவிடம் சொன்னாள். உடன்பிறந்த தம்பிதான். ஆனாலும் ஆம்பிளை. மார்பில் என்று வாய் வருமா? "முதுகுல ஒரு கட்டிடா. ஒருநாள் வேலை. கையெழுத்துப் போட ஆள் வேணுமாம்," என்றாள். "இதுக்குப் போய் கேக்கணுமாக்கா? விடிகாலைல ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுல நிப்பேன்," என்றான். அவள் போய் நின்றாள். அஞ்சரை, ஆறு, ஆறரை. அதற்குள் ஏழு பஸ் போய்விட்டது. தம்பி வரவே இல்லை. ரெண்டு நாள் கழித்துப் பக்கத்துக் கடைக்கு போன் செய்து, மச்சான் வீட்டில் புதுமனை புகுவிழா, மறந்தே போய்ட்டேன் என்றான். "முதுகுக் கட்டிதானேக்கா, ஓடியா போகுது?" என்று சிரித்தான் பாவி. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு போனை வைத்தாள்.

முதுகு என்று ஒருமுறை சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. தெருவுக்கே அது முதுகுக் கட்டிதான். "எனக்கும் இருக்கு, கொழுப்புக் கட்டி, பத்து வருஷமா," என்று ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். மற்றவர்கள் நோயை டாக்டரிடம் பச்சையாக, கூச்சமில்லாமல் எடுத்துச் சொல்கிறவள், தன் நோய்க்கு மட்டும் இடத்தை மாற்றிச் சொன்னாள். இந்தப் பைத்தியக்காரத்தனத்தை என்னவென்று சொல்ல? அவளைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம் போல ஆத்திரமாக வருகிறது. ஆனால் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

மூன்றாவது தேதிக்கு எதிர்வீட்டு மரியம்மாள் வருவதாக ஒப்புக்கொண்டாள். மரியம்மாளின் மாமியாருக்குக் கண், புருஷனுக்கு மூலம், ரெண்டுக்கும் கையெழுத்துப் போட்டவள் ஜெபகனி. அதனால் மறுக்க முடியவில்லை. செப்டம்பர் பதினாலு, செவ்வாய்க்கிழமை. கட்டி அதற்குள் பாதி எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது.

திங்கள் சாயங்காலம் மரியம்மாள் புருஷனையும் மகன் ஆலனையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஆலனுக்கு இருபத்திரண்டு வயசு, டேனரியில் மூட்டை தூக்கிக் குடல் இறங்கியிருந்தது. இன்னொருத்தர் தேதி காலியானதால் நாளைக்கே அவனை வரச் சொல்லி சென்டரிலிருந்து ஆள் மூலம் தகவல் வந்திருக்கிறது.

"அக்கா, நீங்கதான் இவன்கூடப் போகணும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உங்ககூடன்னா நீங்க காட்டுற இடத்துல கைநாட்டு வச்சிருப்பேன். தனியா அங்க போய் முழிச்சிக்கிட்டு நிப்பேன். இவங்க அப்பாவுக்கு ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம்."

"நாளைக்கு எனக்குத் தேதி மரியம்மா."

"ஐயோ, ஆமால்ல!" மரியம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாக, "உங்களுது முதுகுக் கட்டிதானேக்கா. அடுத்த வாரம் நானே வர்றேன். சத்தியமா. இவன் பாருங்க, வலியில சுருண்டு சுருண்டு படுக்கறான்," என்றாள்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். முதுகில்லை, இங்கே, என்று ஒரு வார்த்தை. ஆனால் எதிரில் மரியம்மாள் புருஷன் நிற்கிறான், ஆலன் நிற்கிறான். ஜெபகனி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "சரி, காலைல ரெடியா இருக்கச் சொல்லு. பச்சைத் தண்ணி கூடக் குடிக்கக் கூடாது," என்றாள்.

அன்றைக்கு அவளும் ஒன்றும் சாப்பிடாமல்தான் போனாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. யாராவது ஏதாவது வழி சொல்ல மாட்டார்களா என்று ஒரு நப்பாசை. ஆலனின் அட்டையில் கூட வந்தவர் கையெழுத்து என்கிற இடத்தில் எழுதினாள். உறவு என்கிற இடத்தில் பெரியம்மா என்று போட்டாள். அவனுக்குப் பச்சை அங்கி மாட்டி உள்ளே அனுப்பிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஒன்பதே கால் இருக்கும். மேஜைக்குப் பின்னால் இருந்த புதுப் பெண் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ஜெபகனி! ஆம்பூர் ஜெபகனி!"

அவள் எழுந்திருக்கவில்லை. கூடையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "ஜெபகனி ரத்தினசாமி!" சுற்றி இருந்தவர்கள் யார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் மற்றவர்களைப் போலவே திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டு அந்தப் பெண் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள். அந்தக் கோட்டை உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜெபகனி பார்த்தாள்.

பிரிசில்லா கதவைத் திறந்துகொண்டு வேகமாக வந்தாள். "அக்கா! உங்க பேருதானே கூப்பிட்டாங்க?"

"இன்னைக்கு நான் கூட வந்தவ, சிஸ்டர். பையன் உள்ள இருக்கான்."

பிரிசில்லாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு இன்னா வியாதின்னு உங்களுக்குப் புரியுதா இல்லையா? உங்களுக்குன்னு ஒருத்தர்கூடவா இல்ல?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினாள். ஜெபகனி தலையைக் குனிந்துகொண்டாள். அவமானமாக இருந்தது. சாயங்காலம் டீயும் பிஸ்கட்டும் வந்தபோது ஆலன் ஒரு பிஸ்கட்டை அவளுக்குக் கொடுத்தான். நேற்று ராத்திரிக்கு அப்புறம் அதுதான் அவள் வாயில் வைத்தது.

அடுத்த வாரம் மரியம்மாள் வரவில்லை. ஆலனுக்குத் தையல் இருந்தது, அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கடுத்து கம்பெனியில் ஏற்றுமதி சீசன், ஞாயிறுகூட வேலை. அப்புறம் கிறிஸ்துமஸ். மரியம்மாள் மறந்தே போனாள், ஜெபகனி ஞாபகப்படுத்தவில்லை. நாலு தடவை கேட்பது அவளுக்கு வராது. கொடுத்தே பழகிய கை கேட்கும்போது கூசியது. நடுவில் வேறு ரெண்டு பேருக்குக் கையெழுத்துப் போட வேலூர் போய்வந்தாள், அதையும் சொல்ல வேண்டும்.

பிப்ரவரியில் அக்குளில் நெறி கட்டியது. அப்போதுதான் நிஜமாகவே பயந்து ஓடினாள். பிரிசில்லா அவளைப் பார்த்ததும் அட்டையைப் பிடுங்கி, "நானே லீவு போட்டுக் கையெழுத்துப் போடறேன். வாங்க," என்று டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா அக்குளைத் தொட்டுப் பார்த்தார். கழுத்தோரம் தொட்டுப் பார்த்தார்.

"இது இனிமே ஒருநாள் வேலை இல்லம்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ஊசி குத்தி டெஸ்டுக்கு எடுத்தார்கள். எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார்கள். குணமாக்க முடியாது, கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம், அதற்கும் மாசக் கணக்கில் வரவேண்டும், கூட யார் இருப்பார்கள் என்று கேட்டார்கள். அவள் அந்த வராந்தாவைப் பார்த்தாள். ரத்தினசாமிக்காக நாலு மாசம் படுத்துக் கிடந்த அதே சிமெண்டுத் தரை. "கேட்டுச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. திரும்பிப் போகவும் இல்லை.

தெருவில் அல்சர் என்று சொல்லிவைத்தாள். ஜூன் வரை வேலைக்குப் போனாள். ஒருநாள் பசை டப்பாவைத் தூக்க முடியாமல் கீழே போட்டுவிட்டாள், முக்தார் பாய்தான் ஆட்டோ வைத்து வீட்டுக்கு அனுப்பினார். அதோடு படுத்துவிட்டாள். மரியம்மாள் வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள், குறை சொல்லக் கூடாது. குளிக்க மட்டும் ஜெபகனி யாரையும் உள்ளே விடவில்லை.

ஆகஸ்டில் தானே குளிக்கவும் தெம்பில்லாமல் போயிற்று. மரியம்மாள் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து, "வெட்கம் இன்னாக்கா வெட்கம், நானும் பொம்பளதானே," என்று கதவைச் சாத்தினாள். ஸ்டூலில் உட்காரவைத்துப் பின்பக்கம் துணியை இறக்கினாள். முதுகில் ஒன்றும் இல்லை. எலும்பும் தோலுமாக, ஒரு தழும்புகூட இல்லாத முதுகு. கையால் தடவிப் பார்த்தாள்.

"கட்டி எங்கக்கா? தானாப் போய்டுச்சா?"

ஜெபகனி முன்பக்கத் துணியை எடுத்தாள். புண்ணாகி வெடித்துக் கிடந்ததைப் பார்த்ததும் மரியம்மாளின் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. "யேசப்பா! யேசப்பா!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஏங்க்கா சொல்லல? என்கிட்டகூட ஏங்க்கா சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னைக்கு இன்னா பண்ணியிருப்ப? ஆலனை விட்டுட்டு என்கூட வந்திருப்பியா?"

மரியம்மாள் வாயைத் திறந்தாள். வந்திருப்பேன் என்றுதான் சொல்ல வந்தாள். உடனே வார்த்தை வரவில்லை. வருவதற்குள் ஜெபகனி அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"சரி விடு," என்றாள். "தண்ணி ஆறிடும். ஊத்து."