பேனா நின்ற இடம்

எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு மாணவியும் சமூகத் தொண்டு செய்தாக வேண்டும். கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளி. ஜெபத்துக்கு வரச்சொல்லி எங்களைப் போன்ற இந்துப் பிள்ளைகளை யாரும் வற்புறுத்தியதில்லை. தொண்டு மட்டும் எல்லோருக்கும் பொது. புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் அப்பாவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. "ஏஞ்சாமி, நம்ம பண்ணைல முட்டை பொறுக்க ஆளில்லாமத் தடுமாறிக்கிட்டு இருக்கறோம். அது தொண்டுல சேராதா?" என்று கேட்டார். சேராது என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். சொந்த வீட்டு வேலை கடமையாம், ஊரார் வேலைதான் தொண்டாம்.

முதியோர் இல்லத்துக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், பார்வையற்றவர்களுக்குப் பரீட்சை எழுதிக் கொடுக்கலாம். நான் பரீட்சையை எடுத்துக்கொண்டேன். கருணையெல்லாம் ஒன்றுமில்லை. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற வேலை. என் கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். யாருடைய தலையெழுத்து என்று நான் கேட்டதில்லை.

எனக்கு வாய்த்தவர் குமாரபாளையத்துக்காரர். இருபத்தைந்து வயது இருக்கும், பிறவியிலேயே பார்வை இல்லை. பி.ஏ. வரலாற்றில் எல்லாம் தேறி, ஒரே ஒரு தாள் மட்டும் அரியர். பழைய பாடத்திட்டத்துக்கு அதுதான் கடைசித் தேர்வு. இதை விட்டால் பட்டம் கிடையாது. பட்டம் இருந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு முயலலாம். இல்லாவிட்டால் அண்ணனின் விசைத்தறிப் பட்டறையில் ஆயுசுக்கும் நூல் சுற்றிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். சேலத்தில் தேர்வு நடந்த கல்லூரி வாசலில் மணியடிக்கக் காத்திருந்தபோது இதையெல்லாம் அவரே சொன்னார்.

"தறிச் சத்தத்துலயே பொறந்து வளந்தவனுங்க அம்மிணி. எத்தனை தறி ஓடுனாலுஞ் செரி, அதுல ஒண்ணு நின்னா எனக்குத் தெரிஞ்சுரும். நின்னா நூல் அறுந்திருக்குதுன்னு அர்த்தம். மொதல்ல போயி நிக்கறவன் நாந்தானுங்க" என்று சிரித்தார். பொழுது போவதற்குச் சொல்கிறார் என்று நானும் சிரித்து வைத்தேன்.

தனி அறை. நாங்கள் இருவரும், மேற்பார்வைக்கு ஒரு பேராசிரியரும். நான் கேள்வியைப் படிக்கலாம், அவர் சொல்வதை எழுதலாம், வேறு ஒரு வார்த்தை பேசக் கூடாது. சின்னக் கேள்விகளில் ஒன்று, தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறுவதாக அறிவித்த ஆண்டு எது என்பது. "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அஞ்சு" என்றார். தப்பு என்று எனக்குத் தெரியும். என் கை எழுதாமல் நின்றுவிட்டது. சத்தியமாக நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். "இல்லைங்க, பதினொண்ணு" என்றார்.

இன்னொரு கேள்வியிலும் அப்படியே ஆயிற்று. அதன் பிறகு ஒவ்வொரு விடையையும் சொல்லிவிட்டு என் பேனா ஓடுகிற சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்க ஆரம்பித்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. சிஸ்டர் சொல்கிற தொண்டு இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். பேராசிரியருக்கு என்னவோ சந்தேகம் தட்டி, நாற்காலியை எங்கள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பெரிய கேள்வியில் இரண்டில் ஒன்றை எழுத வேண்டும்: ரயத்துவாரி முறை, அல்லது வங்காளத்தின் நிரந்தர நிலவரி. அவர் யோசிக்கவே இல்லை. ரயத்துவாரியைக் கடகடவென்று சொல்லிக்கொண்டு போனார். விவசாயியிடமே நேராக வரி வாங்கியது, நிலத்தை அளந்தது, வரியைக் கட்ட முடியாதவர்கள் ஊரை விட்டுப் போனது. "இம்முறை முதன்முதலில் நமது பாரமகால் பகுதியில் நடைமுறைக்கு வந்தது" என்றார். இந்தச் சேலத்து மண்தான் அந்தப் பாரமகால். 'நமது' என்ற சொல் புத்தகத்தில் இருந்திருக்காது.

அந்த வாக்கியத்தில்தான் பேனா எழுதவில்லை. தொண்டுத் திட்டத்தின் தொடக்க விழாவில் பள்ளி எங்களுக்குக் கொடுத்த பேனா. சித்திரை வெயிலில் என் உள்ளங்கை வியர்வை தாளில் இறங்கியிருந்தது. மை பிடிக்காமல் வழுக்கியது.

"நின்னுருச்சுங்களா?" என்றார் மெதுவாக.

"அண்ணா, பேனா..." என்று வாயெடுத்தேன்.

"கேள்வியைப் படிக்கிறதோட நிறுத்திக்கம்மா. இன்னொரு வார்த்தை பேசினா பேப்பரை வாங்கிடுவேன்" என்றார் பேராசிரியர்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த அதட்டல் குமாரபாளையத்துக்காரருக்கு வேறு மாதிரி கேட்டுவிட்டது. தப்பை நான் சொல்ல வந்து மாட்டிக்கொண்டதாக நினைத்துவிட்டார். வேறு பேனாவை எடுத்து, அவர் காதில் விழட்டும் என்று தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினேன். "வேண்டாமுங்க அம்மிணி, புரிஞ்சுருச்சு. மொத்தத்தையும் அடிச்சுருங்க. அடுத்ததை எழுதிக்கலாம்" என்றார். நான் அசையவில்லை. "சொன்னதைச் செய்" என்றார் பேராசிரியர். முத்து முத்தாக எழுதிய பக்கத்தின் மேல் குறுக்காகக் கோடு போட்டேன். அவருக்கு வங்காளத்தைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான். அதையும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வெளியே அவருடைய அண்ணன் காத்திருந்தார். "அம்மிணி இருந்ததால தப்பிச்சேன்" என்றார் இவர். அண்ணன் எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, குடித்தேன். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. எப்படியாவது தேறிவிடுவார் என்று ஒரு நப்பாசையும் இருந்தது.

சிஸ்டரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். நல்ல மனுஷி. என் தலையைத் தடவி, "விதைக்கிறதுதான் நம்ம வேலை, விளைச்சலைப் பாக்கக் கூடாது" என்றார். எங்கள் ஊரில் அப்படிச் சொல்கிற குடியானவனை யாரும் தோட்டத்துக்குள் விடமாட்டார்கள். பள்ளி திறந்ததும் பிரார்த்தனைக் கூட்டத்தில் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். பார்வையற்ற ஒருவருக்குக் கண்ணாக இருந்தேனாம். எல்லோரும் கைதட்டினார்கள்.

தேர்வு முடிவு வந்த அன்று அவர் போன் செய்தார். போய்விட்டது. கொஞ்சம் மதிப்பெண்ணில்தான் போயிருந்தது.

"உங்க ஒழைப்பையும் வீணாக்கிட்டனுங்க. நீங்க அத்தனை தடவை காட்டிக் குடுத்தும் எனக்குத்தான் பத்தலை. அந்தப் பாரமகால் சமாச்சாரத்தை எங்கயோ தப்பாப் படிச்சுட்டம் போல."

என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணா, அது சரியான விடை. நீங்க சொன்னது எல்லாமே சரி. பேனா எழுதலை, அவ்வளவுதான்" என்றேன்.

அந்தப் பக்கம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அதைச் சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க அம்மிணி" என்றார்.

எனக்கு அந்த இரைச்சலில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

"தறி ஒண்ணு நின்னுருச்சுங்க. நான் போறேன்" என்று போனை வைத்துவிட்டார்.